அண்ணிக்குக் கல்யாணம்

தையல்நாயகி அலுவலகத்துக்கே தேடி வருவாள் என்று தெட்சிணாமூர்த்தி எதிர்பார்க்கவில்லை. காரைக்கால் மின்துறை அலுவலகத்தில் அவன் எழுத்தர். மத்தியானம் ஒரு மணிக்குப் பின்பக்கக் கொட்டகையில், ஒயர் சுருள்களுக்கு நடுவே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். குடையை மடக்கிக்கொண்டு அவள் வந்து நின்றதும் பதறி எழுந்தான்.

"வாங்க அண்ணி. சொல்லி அனுப்பியிருந்தா நானே நெடுங்காட்டுக்கு வந்திருப்பேன்ல?"

"வேலை எனக்குத்தானே தம்பி, நான்தான் வரணும்" என்று பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். "ஒரு கல்யாணம் நடத்தி வைக்கணும். ஆடி இருவத்திமூணு, புதன்கிழமை. பன்னெண்டுலேருந்து ஒண்ணரை ராகு காலம். அந்த நேரந்தான் வேணும்."

"நடத்திட்டாப் போச்சு. யாருக்குண்ணி?"

"எனக்குத்தான்."

தெட்சிணாமூர்த்தி முதலில் சிரித்தான். அண்ணி வேடிக்கை பேசுகிறவள்தான். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வெயிலில் நடந்து வந்த வேர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையிலிருந்த மோர்க் கிண்ணம் சாய்ந்து கால்சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"காரைக்கால்மேட்டுச் செல்லக்கண்ணு" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரிஞ்சவருதான். மீன்புடி போட்டு எஞ்சின் பழுது பார்க்குறவரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கு வந்து பேப்பர் படிப்பாருல்ல. அவரு சம்சாரம் மஞ்சக்காமாலையில போயி ஆறு வருசம் ஆவுது. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்."

"மன்றத்துல யாருகிட்டயாச்சும்..."

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நீங்கதான உறுதிமொழி படிச்சி வைக்கிறவரு."

அவள் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் போனாள். தெட்சிணாமூர்த்தி அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம்வரை ஒரே ரசீதை மூன்று தடவை எழுதிக் கிழித்தான்.

அவன் அப்படி ஆடிப்போனதற்குக் காரணம் இருந்தது. தையல்நாயகி சாதாரணப் பெண்பிள்ளை அல்ல. நெடுங்காட்டுச் சோமசேகரன் வாத்தியாரின் மனைவி. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர்தான் அந்தப் பக்கத்துக்குப் பெரியாரின் பேச்சைக் கொண்டுவந்து சேர்த்தவர். வயல்வேலை செய்கிறவர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த டீக்கடையில், அந்தத் தனிக் குவளையில்தான் எனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கி ஒரு மாதம் குடித்தே கடைக்காரனைக் கூச வைத்தவர். அறிவொளி மன்றம் என்று ஒரு கீற்றுக்கொட்டகையைப் போட்டு அதில் நாளிதழும் புத்தகமும் வைத்தார். ஆடி மாதத்திலும் ராகு காலத்திலும் தேடித் தேடிக் கல்யாணம் செய்து வைத்தார். பத்தொன்பது வயதில் தாலி அறுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்த பெண்களை, அவர்களைப் பெற்றவர்களிடம் வாதாடி வெளியே கொண்டுவந்தார். அவரை அண்ணன் என்று கூப்பிட்ட தெட்சிணாமூர்த்திக்கும் அவன் மனைவி ராசாத்திக்கும் மாலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதம், கரும்பலகைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது தையல்நாயகிக்கு முப்பத்தாறு வயது. குழந்தை இல்லை. பத்தாம் நாள் வாத்தியாரின் அக்கா சொர்ணாம்பாள், சொந்தக்காரப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். தையல்நாயகியை உட்கார வைத்துப் பூச்சூட்டி, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் பறித்துப் பொட்டை அழிக்கிற சடங்கு. வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றவன் தெட்சிணாமூர்த்தி.

"எங்க வீட்டு வழக்கத்துல குறுக்க நிக்க நீ யாருடா?" என்று சொர்ணாம்பாள் கேட்டாள்.

"அண்ணி மேல ஒருத்தர் கை வைக்கக் கூடாது. வச்சா என்னைத் தாண்டித்தான் வைக்கணும்" என்றான்.

பெண்கள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். பொட்டு அழியவில்லை. அடுத்த வாரம் சுரக்குடி, திருநள்ளாறு என்று சுற்றுவட்டாரமெல்லாம் இதே பேச்சு. அதன் பிறகு மன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் தையல்நாயகி மேடையில் இருந்தாள். நெற்றி நிறையப் பொட்டும் தலையில் பூவுமாக, வாத்தியாரின் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில். பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மன்றத்துச் சாவியை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு இருந்தாள். மன்றத் தலைவர் தியாகராசன் அவளுக்குத் 'தியாகச்சுடர்' என்று ஒரு பட்டமும் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு அது பிடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பெரியார் நூற்றாண்டு முடிகிற செப்டம்பரில் நெடுங்காடு கடைத்தெருவில் வாத்தியாருக்கு மார்பளவுச் சிலை. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கியாயிற்று. கும்பகோணத்தில் சிலை தயார். அழைப்பிதழில் 'முன்னிலை: தியாகச்சுடர் தையல்நாயகி அம்மையார்' என்று அச்சடித்தும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில்தான் அவள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்று, எனக்குத்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்றத்தின் செயற்குழு கூடியது. சாவியைத் தையல்நாயகியே கொடுத்தனுப்பியிருந்தாள். பதினோரு பேர். செயலாளர் என்ற முறையில் தெட்சிணாமூர்த்தி விஷயத்தைச் சொன்னான்.

கீற்றில் ஓணான் ஓடுவது கேட்டது.

"நெசமாவா?" என்றார் தியாகராசன். சுரக்குடியில் ஐந்து வேலி நிலம் வைத்திருப்பவர். வாத்தியாருக்குத் தோளோடு தோள் நின்றவர். ஒரே நொடியில் பத்து வயது கூடிவிட்டதுபோல முகம் தொங்கிப்போயிற்று. "நாப்பது வயசுக்கு மேல இதென்னய்யா ஆசை?"

"வெதவை மறுமணம் வேற, இது வேற" என்றார் ஒருவர். "இது வாத்தியாரு பேருக்கே இழுக்கு."

"எதிரிங்க சும்மா விடுவானுங்களா? அறிவொளி மன்றத்துல அறிவை வளர்த்தாங்களா, ஆள் புடிச்சாங்களான்னு செவுத்துல எழுதுவான்."

"சிலைய தொறந்து வச்சிட்டு எந்த மொகத்தோட ஊருக்குள்ள நடக்குறது?"

வயல்வேலைக்குப் போகிற முத்தையன் மூலையில் உட்கார்ந்திருந்தார். குவளைப் பிரச்சினையின்போதிருந்தே வாத்தியாரோடு இருப்பவர். மெதுவாகத்தான் பேசுவார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. அறுத்தவங்க கட்டிக்கிடலாம்னு இருவது வருசமா ஊர் ஊராப் போயி நாமதான சொன்னோம்? அது அவங்க காதுலயும் விழுந்திருக்கும்ல?"

"முத்தையா, நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் தியாகராசன்.

தெட்சிணாமூர்த்திக்குச் சுருக்கென்றது. மன்றத்துக்குள் யாரும் யாரையும் நீ என்று சொல்லக் கூடாது என்பது வாத்தியார் வைத்த முதல் விதி. பதினெட்டு வருஷத்தில் அது மீறப்பட்டு அவன் பார்த்ததில்லை. முத்தையன் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. தெட்சிணாமூர்த்தியும் எதுவும் சொல்லவில்லை.

முடிவை அவனே போய்ச் சொல்வது என்று தீர்மானமாயிற்று. சிலை திறப்பு முடிகிறவரை கல்யாணப் பேச்சே கூடாது. அப்புறமும் மன்றத்தின் பெயரில் எதுவும் நடக்காது. வெளியூரில் எங்காவது வைத்துக்கொள்ளட்டும். கை தூக்கச் சொன்னார்கள். முத்தையன் தூக்கவில்லை. தெட்சிணாமூர்த்தியின் கை பாதிவரை போய், பிறகு முழுசாகவே உயர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் சைக்கிளில் போனான். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். தையல்நாயகி வீட்டுக் கொல்லையில் யாரோ கைப்பம்பைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவள் அவனைக் கூடத்தில் உட்கார வைத்தாள். சுவரில் பெரியார் படம், பக்கத்தில் வாத்தியார் படம்.

"சிலை திறப்பு முடியட்டும் அண்ணி. அதுக்கப்புறம் தஞ்சாவூர், திருச்சின்னு வெளியூர்ல எங்கயாச்சும்..."

"ஒளிஞ்சி கட்டிக்கச் சொல்றீங்களா?"

"ஒளிஞ்சின்னு இல்ல..."

"அப்பறம் எப்புடி? தம்பி, அன்னைக்குப் பத்தாம் நாளு வாசப்படியில நின்னீங்களே. எதுக்கு நின்னீங்க?"

"உங்களை வெதவையா ஆக்க விடக் கூடாதுன்னுதான்."

"ஆக்க விடல. சரி. அதுக்கு நான் சாவுறவரைக்கும் நன்றி சொல்லுவேன். ஆனா நாலரை வருசமா செத்துப்போனவருக்குப் பொண்டாட்டியா மேடையில உக்கார வச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன பேரு? அவரு படத்துக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு பட்டம். ரெண்டு பேருக்கும் உசிரு இருக்கா இல்லையான்னு யாரும் பாக்கல."

அவள் சத்தம் போடவில்லை. பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். தெட்சிணாமூர்த்தி வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட உதவவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பில் வாயைத் திறந்தான்.

"அதெல்லாம் சரிண்ணி. அந்த ஆளு என்ன சாதின்னாச்சும் யோசிச்சீங்களா?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

தையல்நாயகியின் முகத்தில் அப்போது கோபம் வந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபம் வரவில்லை. வழக்கமாகப் பூட்டாத கதவு பூட்டிக்கிடப்பதைப் பார்த்தவள்போல, புரியாமல் அவனைப் பார்த்தாள். கொல்லையில் பம்புச் சத்தம் நின்றிருந்தது.

செல்லக்கண்ணு கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கொல்லை வாசலில் வந்து நின்றான். முன்தலை நரைத்த, கட்டையான ஆள். கூட்டுறவு அலுவலகத்தில் படிவத்துக்குப் பதில் சொல்கிறவன்போல எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னான்.

"பட்டினவருங்க. அப்பா கட்டுமரத்துல போனாரு. நான் எஞ்சின் வேலை. எட்டாவது படிச்சிருக்கேன்."

இது தெட்சிணாமூர்த்தி தெரியாமல் கேட்ட கேள்வி அல்ல. காரைக்கால்மேட்டிலிருந்து வருகிறவன் யார் என்று அவனுக்கு எட்டு வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் செல்லக்கண்ணுவுக்குப் பேப்பரை எடுத்துக்கொடுத்திருக்கிறான், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அத்தனை ஞாயிறும் அந்த விஷயம் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது.

"நான் வர்றேன்" என்று எழுந்தவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான். சைக்கிளை எடுக்க மறந்து, பாதித் தூரம் போய்த் திரும்பி வந்து எடுத்தான். அவர்கள் இருவரும் வெளியே வரவில்லை.

வீட்டில் ராசாத்தி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். இதுவரை அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இப்போது எல்லாவற்றையும், கேட்ட கேள்வியையும் சேர்த்து, கொட்டித் தீர்த்தான்.

"நீங்களா கேட்டீங்க?" என்றாள் ராசாத்தி.

"நான்தான். எப்புடி வந்துச்சுன்னே தெரியல. என் வாயில எப்புடி வந்துச்சு அது?"

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. "இதுல என்ன அதிசயம்? நம்ம கல்யாணத்துக்கு ஐயரு இல்ல, நேரம் பார்க்கல, தாலியும் இல்ல. எல்லாத்தையும் விட்டீங்க. ஆனா பொண்ணு யாரு? உங்க தாய்மாமன் மவதான? மன்றத்துல இருக்குற பதினோரு பேரு வீட்டுலயும் எண்ணிப் பாருங்க. மேடை போட்டு மைக்கு வச்சி, சொந்தத்துலதான் கட்டியிருக்கீங்க."

அவன் எண்ணிப் பார்த்தான். தியாகராசன் வீடு. அவர் மகன் வீடு. பொருளாளர் வீடு. ஒவ்வொரு கல்யாணத்திலும் வாத்தியாரோ அவனோ நின்று உறுதிமொழி படித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே உறவு. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இதை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று திகைத்து உட்கார்ந்திருந்தான். கணக்கு வாத்தியாருக்கும் தோன்றவில்லையா? அல்லது தோன்றி, இவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று விட்டுவிட்டாரா? கேட்பதற்கு அவர் இல்லை.

நாலைந்து நாள் கழித்து முத்தையன் அலுவலகத்துக்கு வந்தார்.

"காரைக்கால்மேட்டுல, மீன் ஏலம் போடுற கொட்டாயில வச்சிக்கிறாங்க. அங்க பஞ்சாயத்துலயும் மொதல்ல ஒத்துக்கலையாம். அம்மாவே நேர்ல போயி ரெண்டு நாளு உக்காந்து பேசியிருக்காங்க. உங்களைக் கூப்புட்டுட்டு வரச் சொன்னாங்க. படிக்கணும்னு இல்ல, வந்தாப் போதும்னாங்க."

"என்னையா? நான் என்ன கேட்டேன்னு..."

"தெரியும். அவங்களே சொன்னாங்க" என்றார் முத்தையன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஆடி இருபத்துமூன்று. தெட்சிணாமூர்த்தி அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ராசாத்தியோடு போனான். ஏலம் முடிந்து கொட்டகையைக் கடல்தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. வலை பின்னுகிறவர்கள் வேலையை வைத்துவிட்டு வந்து நின்றார்கள். செல்லக்கண்ணுவின் தங்கை அஞ்சுகம் மாலைகளைத் தட்டில் வைத்திருந்தாள். அறிவொளி மன்றத்திலிருந்து முத்தையனையும் அவனையும் தவிர ஒருவரும் இல்லை.

பன்னிரண்டு மணி. தையல்நாயகி அரக்குச் சேலையில் வந்து அவன் முன்னால் நின்றாள்.

"படிக்கிறீங்களா தம்பி?"

முப்பத்தோரு கல்யாணத்தில் படித்த உறுதிமொழி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். 'சாதி, சடங்கு, மூடநம்பிக்கை ஆகியவற்றைத் துறந்த நாங்கள்' என்று அது ஆரம்பிக்கும். பழைய தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு அவன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "சாதி" என்றான். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றான். அப்போதும் அந்த ஒரு சொல்லோடு நின்றது. செல்லக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகையில் அத்தனை பேரும் தெட்சிணாமூர்த்தியையே பார்த்தார்கள். ராசாத்தி கண்களை மூடிக்கொண்டாள்.

தையல்நாயகி அவன் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள். அவளே படித்தாள். செல்லக்கண்ணுவைத் தன் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அவள் சொன்னாள். தாளைக் கொடுத்ததும் செல்லக்கண்ணு நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னான். மாலை மாற்றினார்கள். வலைக்காரர்கள் கைதட்டினார்கள். சாட்சிக் கையெழுத்து மட்டும் தெட்சிணாமூர்த்தி போட்டான்.

சாப்பாட்டுக்கு அவனை உட்கார வைத்துச் செல்லக்கண்ணுவே மீன்குழம்பு ஊற்றினான்.

"செல்லக்கண்ணு, அன்னைக்கு நான்..."

"அது இன்னைக்கு வேணாம் சார். சாப்புடுங்க" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவனும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரமே தியாகராசன் ஆள் அனுப்பினார்: மன்றத்தின் முடிவை மீறியதற்கு விளக்கம் எழுத வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். தெட்சிணாமூர்த்தி விலகல் கடிதம் எழுதினான். பதினெட்டு வருஷத்துக்கு நான்கு வரி போதுமாயிருந்தது.

செப்டம்பர் பதினேழு, கடைத்தெருவில் சிலை திறந்தார்கள். அழைப்பிதழில் அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. ஊரில் பாதிப் பேர் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். தெட்சிணாமூர்த்தி சைக்கிள் கடை ஓரமாக நின்றான். சிலை நன்றாகத்தான் வந்திருந்தது. கண்ணாடியும் மீசையும் வாத்தியாரேதான்.

கூட்டத்தின் மறுபக்கத்தில் தையல்நாயகியும் செல்லக்கண்ணுவும் நிற்பதை அப்போதுதான் பார்த்தான். அவர்களைச் சுற்றி இரண்டு முழ இடம் காலியாக இருந்தது. யாரும் ஏசவில்லை, யாரும் கிட்டே போகவும் இல்லை.

தியாகராசன் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "கைம்பெண்களின் கண்ணீரைத் துடைத்த கை இது! அவர்களுக்கும் வாழ்வு உண்டு என்று இந்த மண்ணில் முதன்முதலாகச் சொன்ன வாய் இது!"

கூட்டம் கைதட்டியது. தையல்நாயகியும் தட்டினாள். குத்தலாக அல்ல, கண் நிறைந்து, சிலையைப் பார்த்துக்கொண்டு, மனசாரத் தட்டினாள். பேசியவரும் பொய் பேசவில்லை. அவர் கண்ணிலிருந்து வழிந்ததும் நிஜமான கண்ணீர்தான். அதுதான் தெட்சிணாமூர்த்தியை உலுக்கிவிட்டது. பத்தடி தள்ளி அவள் நிற்கிறாள், தான் பேசுவது அவளைப் பற்றியும்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். மேடையிலிருந்து பார்ப்பார்கள் என்பது தெரியும். அந்தக் காலி இடத்துக்குள் போய்ச் செல்லக்கண்ணுவின் பக்கத்தில் நின்றான். செல்லக்கண்ணு ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"ராசாத்தி வரலையா தம்பி?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"வந்திருக்கா. கடையில ஏதோ வாங்கிக்கிட்டு இருக்கா" என்றான் அவன்.